லாபம், ரெண்டு, மூணு

ஓசூர்க் கச்சேரியில் கேட்கிறார்கள்,
முதலில் எழுந்தது யார் என்று.
எழுதிக்கொள்ளுங்கள் ஐயா:
முதலில் எழுந்தது புகை.

நான் நஞ்சுண்டன். கெம்பனூர் மிட்டாவின் அளவுக்காரன்.
இருபத்திரண்டு அறுவடை என் கையால் போயிற்று.
களத்தில் ராகி குவிந்ததும் மண்டியிடுவேன்,
வள்ளத்தை நிரப்பிக் கோலால் வழிப்பேன்,
ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பேன்.
லாபம். ரெண்டு. மூணு.
ஒன்றை ஒன்று என்றால் தானியம் விருத்தியாகாதாம்.
விருத்தியானது உண்மைதான்.
யாருக்கு என்பது
குனிந்திருந்தவனுக்குத் தெரியவில்லை.

பசி என்று எழுதப் போகிறீர்கள். வேண்டாம்.
தாது வருஷத்தில் இல்லாத பசியா?
கற்றாழைக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள்.
அஞ்செட்டிப் பாதையில் விழுந்தவர்களை
விழுந்த இடத்திலேயே விட்டு நடந்தார்கள்.
அரண்மனைக் குழிகளில் அப்போதும் ராகி இருந்தது.
அந்த வருஷமும் நான் அளந்தேன்.
ஒருவரும் எழவில்லை.
எழுவதற்கும் ஒரு கவளம் வேண்டும் ஐயா.

இது நல்ல வருஷம்.
கதிர் இடுப்புக்கு நின்றது. வரப்பெல்லாம் அவரை பூத்தது.
மார்கழியில் ராஜாவின் குதிரை செத்தது
(மிட்டாதார்தான். ராஜா என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்).
மாணிக்கம் என்று பேர். வெள்ளைக் குதிரை. வயிற்றுவலி.
தண்டோரா வந்தது:
மூன்று நாள் துக்கம்,
ஏழு ஊரிலும் அடுப்பு எரியக்கூடாது,
வீட்டுக்கு ஓர் ஆண் தலை மழிக்க வேண்டும்.
மழித்த கூலியும் நாங்களே கொடுத்தோம்.

அதே வாரம் மாரக்காவின் பையன் காய்ச்சலில் போனான்.
நாலு வயசு.
புதைக்க அரை நாள் கேட்டாள்.
கொள்ளு உதிர்ந்துவிடும் என்றார் மணியக்காரர்.
அரண்மனைக் கொள்ளு.
தின்ன வேண்டிய குதிரை செத்திருந்தது.
பையனைத் துணியில் சுற்றி வரப்பில் கிடத்திவிட்டு
பொழுது சாயும்வரை அறுத்தாள்.
நானும் அங்கேதான் இருந்தேன்.
அளந்துகொண்டிருந்தேன்.

துக்கத்தின் இரண்டாம் நாள் விடியலில்
அவள் கூரையிலிருந்து புகை.
கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.
களி கிண்டினாள்.
துடுப்பு பானையில் இடிக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.
பிறகு தொட்டையன் வீட்டில்.
பிறகு வண்ணார் தெருவில், சேரியில்,
ஏரிக்கு அந்தப் பக்கம் குறும்பர் பட்டியில்.
உச்சிக்குள் ஏழு ஊர் வானத்திலும் புகை.

ஆட்கள் வந்தார்கள். ஓர் அடுப்பைத்தான் உதைத்தார்கள்.
களி மண்ணில் உருண்டது.
மாரக்கா அதை எடுத்தாள், ஊதினாள்,
அவர்கள் பார்க்கப் பார்க்கத் தின்றாள்.
அதற்குப் பிறகு யார் முதலில் ஓடினார்கள்
என்பது எனக்குத் தெரியாது.

பொன் எவ்வளவு போயிற்று என்கிறீர்கள்.
அரண்மனை வாசலில் தொட்டையன் தோளில் வந்தது வள்ளம்.
என் வள்ளம், பித்தளைப் பூண் போட்டது.
அதில் ராகி நிரப்பி
தேன்கனிக்கோட்டைச் சந்தை வள்ளத்தில் கொட்டினான்.
நிரம்பியது.
இன்னும் கொட்டினான். வழிந்தது.
வழிந்ததை மாரக்கா அள்ளிப் பார்த்தாள்.
இரண்டு கை.
ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக் கூழ்.

இருபத்திரண்டு அறுவடையை யாரோ
வாய்க்குள் பெருக்கத் தொடங்கினார்கள்.
என்னை ஒருவரும் அடிக்கவில்லை.
பார்த்தார்கள். அவ்வளவுதான்.
எனக்கு முன்பே தெரியும் என்பது
அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று.

இப்போது நீங்கள்
குற்றவாளிகளை எண்ணச் சொல்கிறீர்கள்.
நாக்குப் பழக்கம், மன்னிக்க வேண்டும்.
மாரக்கா: லாபம்.
தொட்டையன்: ரெண்டு.
மூணாவது பேரைச் சொல்லுமுன்
கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.