நாற்பத்தொரு வாக்குகள்

குடைவேல மரத்தடியில் அன்று பதினேழு ஆண்கள்.
பதினெட்டாவதாக நான்,
தேர்தலில் நிற்பவளின் தம்பி.

ஹாஜி குலேத் கைத்தடியால் மண்ணில் கோடு இழுத்தார்.
"அம்பரோ நம் இரத்தம்தான், மறுக்கவில்லை.
ஆனால் கட்டிக்கொடுத்த பெண் ஜெயித்தால்
நாற்காலி அவள் புருஷன் குலத்துக்கல்லவா போகும்?"

வறண்ட ஆற்றுக்கு அந்தப் பக்கம்
வேறொரு மரத்தடியில்
அவள் புருஷன் குலத்தாரும் கூடினார்களாம்.
"வந்தவள்தானே. ஜெயித்தால்
தம்பி வீட்டுக்குத்தான் முதல் குழாய்."

இரண்டு மரம்.
நிழல் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை இமாம்
பெண்ணை ஆளவிட்ட கூட்டம் உருப்படாது என்றார்.
தொழுகை முடிந்து, சலாம் கொடுத்து,
ஆட்கள் செருப்பைத் தேடும் நேரத்தில்
திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல்:
"முப்பது வருடமாக ஆண்கள்தான் ஆண்டீர்கள், ஷேக்.
உளூச் செய்யத் தண்ணீர் எங்கே?"
யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.
நாங்கள் எல்லோரும் அன்று
மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்தவர்கள்.

அவள் சின்னம் கெண்டி.
எதிராளிக்கு ஒட்டகம்.
ஒட்டகத்தோடு கெண்டி மல்லுக்கு நிற்குமா என்று
காத் இலை மென்றபடி சிரித்த கூட்டத்தில்
என் பல்லும் பச்சையாகத்தான் இருந்தது.

அவள் நடந்தாள்.
அறுந்த செருப்பைக் கம்பியால் கட்டிக்கொண்டு
ஆட்டுப்பட்டி ஆட்டுப்பட்டியாக.
வாக்காளர் அட்டையைக் கரையான் தின்னாமல்
பால் பவுடர் டப்பாவில் போட்டுவையுங்கள் என்று
பெண்களுக்குச் சொன்னாள். கொள்கை விளக்கம்
அவ்வளவுதான் என் காதுக்கு வந்தது.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
நானும் தாளும் மட்டும்.
கெண்டியின் மூக்கு என் பக்கம் திரும்பியிருந்தது.
யாரும் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டம்.
மரத்தடியில் எழாத நாக்கு
விரலுக்கு என்ன சொல்லிக்கொடுக்கும்?
ஒட்டகத்தின் திமில்மேல் குறி போட்டேன்.

நாற்பத்தொன்றில் தோற்றாள்.

மறுநாள் விடிகாலை என் வாசலில் நின்றாள்.
லாரி வேண்டுமாம், ஆறு மூட்டை சிமெண்ட் ஏற்ற.
"தொட்டியில் வெடிப்பு. மழைக்குள் பூச வேண்டும்.
அது தேர்தல் முடிவு கேட்டு நிற்காது."
மை காயாத விரலைச் சாரத்தின் மடிப்பில் ஒளித்து
இடக்கையால் டீ ஊற்றினேன்.
பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"எல்லா வீட்டுப் படியும் ஏறினேன்.
உன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை, தம்பி.
அவசியமில்லை என்று நினைத்துவிட்டேன்."

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.
பாதி முற்றத்தில் திரும்பி,
"அடுத்த தடவை வருவேன்" என்றாள்.