நூற்றியெட்டாம் தெருவில் முடிவெட்டு

சமர்கந்து போய் வந்தேன் என்றதும்
நிசானின் கத்தரி காதோரம் நின்றது.
"ரெகிஸ்தானா? காட்டு."

துணிக்கு அடியிலிருந்து போனை நீட்டினேன்.
நீலக் குவிமாடங்களை விரலால் ஒதுக்கினார்,
முதுகில் சூரியனோடு
நானூறு வருஷமாய் மானை எட்டாத புலியையும்.
படத்தின் வலது ஓரத்தை
விரித்தார், இன்னும் விரித்தார்,
ஓடுகள் வெறும் கட்டங்களாகும்வரை.

"இங்கே ஒரு குழாய்.
பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு
வாய் வைத்துக் குடிப்போம்.
இருக்கிறதா?"

இருக்கிறது என்றிருக்கலாம்.
டிக்கெட் கவுண்டர் என்றேன்.

வெளியே, குவீன்ஸ் வெயிலில்,
பேருந்து ஒன்று பெருமூச்சுவிட்டு
நடைபாதைக்குத் தாழ்ந்தது
யாரோ ஒருவரின் கைத்தடிக்காக.
முப்பத்திரண்டு வருஷமாய் ஊர் போகாதவர்
கண்ணாடியைப் பார்க்காமலே
வெட்டி முடித்தார்.

வீட்டில் கேட்கிறார்கள்:
வலப்பக்கம் மட்டும் ஏன்
இப்படி ஒட்ட?