ஈரப்பதம் இருபத்திரண்டு

"சிஸ்டர், பாட்டில் தீரப்போவுது" என்கிறார்கள்.
நான் அந்த சிஸ்டர் இல்லை.
நர்ஸைக் கூப்பிடப் போகிறேன்.
திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனையில்
பதினோரு வருடமாக என் ஊழியத்தில் பாதி
இந்த நடைதான்.

ஏழாம் கட்டிலில் வைரக்கண்ணு.
எலிக்காய்ச்சல். கண்ணில் மஞ்சள் இன்னும் இறங்கவில்லை.
கொள்முதல் நிலைய வாசலில் ஒன்பது ராத்திரி
தார்ப்பாய்க்கு மேலே மழை,
தார்ப்பாய்க்குக் கீழே நெல்,
தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இவர்.
தை பிறந்து பத்து நாள் கழித்து
யாரும் கூப்பிடாமல் வந்த மழை.

ஈரப்பதம் இருபத்திரண்டு என்று காட்டியதாம் மெஷின்.
பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.
"ஈரமில்லாத மனுசங்ககிட்ட
ஈரம் சாஸ்தின்னு தள்ளுபடியாயிட்டேன்."
சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

பவுனம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து
என் கைக்குட்டையில் கொட்டினாள்:
கதிரிலேயே முளைத்த நெல்.
ஒவ்வொன்றுக்கும் வெள்ளை நூலாய் ஒரு வேர்,
மறுமுனையில் ஊசிப் பச்சை.
எந்த அம்மனும் கேட்காத முளைப்பாரி.
அழகாக இருந்தது.
அதைச் சொல்லிவிடாமல் வாயை மூடிக்கொண்டேன்.

என் செபப்புத்தகத்தில்
மழை வேண்டி ஒன்று இருக்கிறது,
வெள்ளம் வடிய ஒன்று.
அறுப்புக்கு வரும் மழையிடம்
என்ன பேசுவதென்று இல்லை.
எழுதியவர்கள் காலத்தில்
கார்த்திகை கார்த்திகையாக இருந்தது,
தை தையாக இருந்தது.

"செபிக்கட்டுமா" என்றேன்.
(கேட்காமல் செபிப்பதை
ஐந்தாம் வருடமே விட்டுவிட்டேன்.)

கொஞ்சம் யோசித்தார்.
"எங்க நிலம் சாமி நிலம், சிஸ்டர்.
ஆறு மா குத்தகை.
வருசம் பன்னண்டு கலம் சாமிக்கு அளக்கணும்.
போன வருசம் தண்ணி வரல, பாக்கி.
இந்த வருசம் தண்ணி போவல, பாக்கி.
உங்க சாமி எங்க சாமிகிட்ட
ஒரு வார்த்தை சொல்லுமா?"

மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.
எட்டாம் கட்டில் திரும்பிப் பார்த்தது.

பிறகு நான் பேனா எடுத்தேன்.
கையில் இருந்தது பழைய லேப் ரிப்போர்ட்.
அதன் பின்பக்கத்தில்,
பெறுநர்: செயல் அலுவலர்,
பொருள்: குத்தகை நெல் பாக்கி தள்ளுபடி கோருதல்,
ஐயா,

எங்கள் பக்கம் செபத்துக்கு
விண்ணப்பம் என்றும் ஒரு பேர் உண்டு.
இத்தனை வருடத்தில்
ஒன்றிலும் தேதி போட்டதில்லை.
எத்தனை மா, எத்தனை கலம் என்று எழுதியதில்லை.
"பேரழிவு" என்று நான் எழுதியதை
அடிக்கச் சொன்னார். "மழைன்னு போடுங்க, போதும்."

"கைநாட்டா, கையெழுத்தா?"
"கையெழுத்து" என்றார், சற்றுக் கோபமாக.
ஊசி ஏறிய கையால்
வைரக்கண்ணு என்று நிதானமாக வரைந்து
இரண்டு புள்ளிகளையும் கடைசியில் வைத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் முத்திரை குத்தி
வாங்கிக்கொண்டார்கள்.
பார்ப்போம் என்றார்கள்.
அந்த வார்த்தை எனக்குப் பழக்கம்.
நானும் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்,
கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று கொஞ்சம் நீட்டி.

பஸ் மன்னார்குடி ரோட்டில் திரும்பியபோதுதான் உறைத்தது:
நேற்று கடைசிவரை நாங்கள் செபிக்கவே இல்லை.
வெளியே மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.
கண்டக்டர் ஷட்டரை இறக்கச் சொன்னார்.
மடியில் அந்தக் கைக்குட்டை முடிச்சு,
தொட்டால் இன்னும் ஈரம்.