முனைக்கு வந்துவிட்டேன்

சாந்தியாகோவில், மைப்பூ பக்கம்,
இருபத்திரண்டு வீடுகள் உள்ள முட்டுச்சந்து எங்களுடையது.
இரண்டு வருடம் சீட்டுப் போட்டு,
ஞாயிறுதோறும் எம்பனாடா சுட்டு விற்று,
சந்தின் வாயில் ஒரு இரும்புக் கதவு வைத்தோம்.
தானாகத் திறக்கும். மெல்லத்தான் திறக்கும்.
பத்தொன்பது நொடி. எண்ணியிருக்கிறேன்.

முன்பெல்லாம் ஆளில்லாத காரைத்தான் கொண்டுபோவார்கள்.
விடிந்து பார்த்தால் தரையில் எண்ணெய்க் கறை,
எடுத்துக்கொண்டதற்கு ரசீது போல.
பிறகு நாங்கள் கெட்டிக்காரர்கள் ஆனோம்.
ஸ்டியரிங்குக்குக் குறுக்கே மஞ்சள் தடி,
மின்சாரத்தை அறுக்க ஒளித்துவைத்த சுவிட்ச்.
என்னுடையது எங்கே என்று உங்களிடமும் சொல்லமாட்டேன்.
ஒருநாள் எனக்கே மறந்துபோய்
சந்தை வாசலில் அரை மணி நேரம்
தலைகீழாகக் கிடந்து தடவினேன்.
போலீஸ்காரர் குனிந்து கேட்டார்:
"அம்மா, இது உங்கள் கார்தானா?"

நின்ற கார் நகராது என்று தெரிந்ததும்
அவர்கள் ஓடுகிற காருக்கு வந்தார்கள்.
சுவரில் கன்னம் வைப்பவனுக்கு இருட்டு வேண்டும், கோல் வேண்டும்.
இவர்களுக்கு எதுவும் வேண்டாம்.
சாவி உள்ளே, எஞ்சின் சூடாக,
கதவு திறக்கட்டுமென்று காத்திருக்கும் ஒருத்தி போதும்.
நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பத்தொன்பது நொடி
அவர்களுக்கு இலவசம்.

ஓர்லாந்தாவின் கராஜில் கூட்டம்.
யெர்கோ இன்னும் ஆறு கேமரா என்றான்
(கேமரா விற்பது அவன் மைத்துனன்).
யாரோ மின்கம்பி என்றார்கள்.
இரவுப் பணி நர்ஸ் எதுவினா, கோட்டைக்கூடக் கழற்றாமல்,
"கேமரா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
எனக்கு யாராவது வெளியே வந்து நிற்க வேண்டும்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது.
பெட்ரோல் பங்க் முனையில் ஒரு மணி அடித்து விடுவது.
முனைக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம்.
முறைக்காரர் விளக்கைப் போட்டு,
கழுத்தில் விசிலோடு வாசலுக்கு வர வேண்டும்.
துரத்தக் கூடாது, அடிக்கக் கூடாது.
கதவு மூடும்வரை நிற்க வேண்டும்.
அவ்வளவுதான்.

எனக்கு விழுந்தது ஒன்பதாம் எண் நிபால்தோ.
நாலு வருடமாகப் பேச்சு இல்லை.
அவர் கார் அலாரம் பூனை குதித்தாலும் அலறும்.
நகராட்சிக்கு எழுதிப் போட்டேன்.
ஒரு சனிக்கிழமை, நான் பார்க்கவே,
கத்திரிக்கோலால் அதன் கம்பியை நறுக்கினார்.

ஆனாலும் வந்தார். பன்னிரண்டே முக்காலுக்கும் வந்தார்.
பைஜாமா, செருப்பு, கையில் துடைப்பம்.
என் முகத்தைப் பார்க்கமாட்டார், தெருவைப் பார்ப்பார்.
கதவு மூடியதும் விளக்கு அணையும்.
நன்றி சொல்ல ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை.

ஆகஸ்ட் மழையில் ஒரு விடியற்காலை
போனது அவருடைய கார்.
கதவின் மோட்டாரை எப்படியோ ஏமாற்றியிருக்கிறார்கள்.
மஞ்சள் தடி இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.
இருபத்திரண்டு வீட்டிலும் ஒருவருக்கும்
ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கேட்கவில்லை.

நேற்று இரவு பன்னிரண்டு பத்துக்கு
என் போன் ஒருமுறை அடித்து நின்றது.
நிபால்தோ.
காரே இல்லாத மனிதர், முனைக்கு வந்துவிட்டார்.
கோட்டு, விசில், ரிமோட்.
பக்கத்திலேயே ஆள் நுழையும் சின்னக் கதவு இருக்கிறது.
நான் பெரியதை அழுத்திவிட்டேன்.
கடைசிப் பேருந்தில் வந்தவர், கையில் ரொட்டிப் பை,
பத்தொன்பது நொடியும் வெளியே காத்து நின்று,
கார் நுழையும் அகலத்தின் நடுவே நடந்து வந்தார்.

"அந்த அலாரம்..." என்றேன்.

"பூனை செத்துப்போச்சு" என்றார்.

கதவு மூட இன்னும் பத்தொன்பது நொடி.
இரண்டு பேரும் நின்றோம்.