சொத்து விவரம்

மூன்று நாளாய் மழை.
கழிவறைக் கோப்பை ஊற்றிய தண்ணீரை விழுங்காமல்
தொண்டைக்குள் வைத்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.
கெடிலம் இன்னும் கரைக்குள்தான் என்றார்கள்.
எங்கள் வீட்டுக்குள் அது வந்துவிட்ட மாதிரி
தமயந்தி பாய்களைச் சுருட்டி அலமாரி மேல் போட்டாள்.

மழை விட்ட அன்று
கூத்தப்பாக்கம் வளைவில் மஞ்சள் லாரி நுழைந்தது.
இறங்கிய கலியவரதன் கேட்ட முதல் கேள்வி:
“மூடி எங்கேங்க?”

பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான்.
மஞ்சக்குப்பம் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே
தகரக் கூரையடியில் இருபத்திரண்டு வருஷம்.
ஊரில் பாதி மனைக்கு நான்கெல்லை சொல்வேன்.
பீரோவிலிருந்து கிரயப் பத்திரத்தை எடுத்து வந்தேன்.
கிழமேல் ஜாதியடி முப்பது,
தென்வடல் ஜாதியடி அறுபது,
கதவு, நிலை, ஜன்னல்,
மின் இணைப்பு, அதன் வைப்புத்தொகை,
கிணறு ஒன்று, கொய்யா ஒன்று,
மாமூல் வழிநடைப் பாத்தியம் உட்பட.
தொட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.
எழுதிய கை என்னுடையது.

விற்ற தெய்வசிகாமணி இப்போது
முத்தியால்பேட்டையில் மகள் வீட்டில்.
போனில் சொன்னார்:
“கொய்யா மரத்திலேர்ந்து ஏழு தப்படி, கிணத்துப் பக்கமா.”
கொய்யா தானே புயலில் போயிற்று.
கிணற்றை மூடி அதன்மேல் பைக் நிறுத்துகிறோம்.
அவருடைய தப்படி எவ்வளவு நீளம் என்று
கேட்க வெட்கமாக இருந்தது.

கலியவரதன் கடப்பாரையின் மழுங்கிய முனையால்
தரையைத் தட்டிக்கொண்டே நடந்தான்.
டொக். டொக். டொக்.
துவைக்கிற கல்லருகே ஓசை மாறியது.
முதுகில் விரல் வைத்துத் தட்டும் டாக்டர் போல
தலையைச் சாய்த்து இன்னொரு தட்டு.
“இங்கதான்.”
ஆசையாய்ப் பதித்த டைல்ஸில் நாலு போயிற்று.

மூடியைப் புரட்டிவிட்டு
ஒரு மணி நேரம் யாரும் கிட்டே வரக்கூடாது என்றான்.
எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்ச் சாத்தின.
“நெருப்புக் கிருப்பு கொளுத்தாதீங்க.”
அவன் பீடியும் காதில் செருகியபடியே இருந்தது.

பிறகு நீள மூங்கில். அதில்
வெள்ளை வேட்டிக் கிழிசல் சுற்றியிருந்தது.
இறக்கினான், அடி தட்டியதும் நின்றான்,
உதடு ஏதோ எண்ணியது, மெல்ல ஏற்றினான்.
துணியில் இடுப்பளவுக்குக் கறுப்பு.
“அஞ்சடித் தொட்டியில மூணடி சேறு.
தண்ணி எங்கதான் நிக்கும்?”
வெளிக்குழாயின் டீ உடைந்து
மேலே படிந்த ஆடை அப்படியே உறிஞ்சுகுழிக்குப் போகிறதாம்.
காற்றுக்குழாயின் வலை கிழிந்து
கொசு குடித்தனம் நடத்துகிறதாம்.
மிதந்தவற்றைப் பார்த்தான், பெயர் சொல்லவில்லை.
நாங்களும் வேறெங்கோ பார்த்தோம்.

நூறடிக் குழாய் விக்கி விக்கி உறிஞ்சியது.
கிழக்கு மூலையில் மட்டும்
கெட்டிப்பட்டது அசையவில்லை.
அப்போதுதான் அதைச் சொன்னேன்.
நான்தான், வேறு யாருமில்லை.
“யாராவது ஒரு நிமிஷம் உள்ள இறங்கிட்டா...
ஐந்நூறு சேர்த்துத் தரேன்.”

சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.
மோட்டார் நின்றது.
“அஞ்சடிதான்,” என்றார், தொட்டியைப் பார்த்தபடி.
“போன ஐப்பசியில, பண்ருட்டிப் பக்கம்,
அதுவும் அஞ்சடிதான்.”

அதற்கு மேல் பேசவில்லை.
நாலு வாளி தண்ணீர் கேட்டார், மூலையில் ஊற்றினார்,
மேலே நின்றே மூங்கிலால் கலக்கினார்,
மறுபடி மோட்டார்.
அரை மணி கூடுதல். காசு கூடுதலாய் வாங்கவில்லை.
டீயை மாற்றி, வலையைக் கட்டி, கிளம்பும்போது
“மூணு வருஷத்துக்கு ஒருக்கா தொறந்து பாருங்க,” என்றார்.

இரவு, கோப்பை ஒரே மடக்கில் விழுங்கியது.
மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம்
மார்க்கரால் எழுதினேன்:
சமையலறை வடமேற்கு மூலையிலிருந்து
தெற்கே அடி பதினொன்றே கால்,
மதிலிலிருந்து கிழக்கே அடி நான்கு.
மூடி ஒன்று, டைல்ஸ் பதிக்கக் கூடாது.
ஆழம்

இருபத்திரண்டு வருஷமாய் அளவுக்கு முன்னால்
கை தானாய் எழுதும் சொல் ஒன்று உண்டு.
‘ஜா’ வரை வந்துவிட்டது.
எச்சில் தொட்டு அழித்தேன்.
முழுக்கப் போகவில்லை.