கம்புக்கு அரை டிக்கெட்

முதல் நாள் அதைத் தண்ணிக் குழாய் என்றுதான் நினைத்தேன்.
பதின்மூன்றரை அடி நீளம்,
பழைய திரைச்சீலையில் தைத்த உறை.
கொடிகாமம் சந்தி, இரவு ஒன்பது மணி.
நுனியை அவள் பிடிக்க, அடியைத் தமையன் பிடிக்க,
தேங்காய் மூட்டைக்காரர் குனிந்து வழிவிட்டார்கள்.
உள்ளே ஏறாது, கூரையில்தான்.
மூன்று முடிச்சுப் போட்டேன்.
கொழும்புக்கு அவளுக்கு முழு டிக்கெட், கம்புக்கு அரை.
சிரிக்காமல் எண்ணித் தந்தாள் யதுர்சிகா.

பிறகு ஒன்பது வருசம்.
தெரிவுப் போட்டி, தேசிய மட்டம்,
மழைக்கு ஒத்திவைத்த போட்டி, தோற்றுத் திரும்பிய போட்டி.
ஓமந்தையில் ஒருவன் டோர்ச் அடித்துக் கேட்டான்:
"மேக்க மொகக்த?"
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "பனின்ன" என்றேன். பாய்வதற்கு.
எங்கே பாய்வதற்கு என்று அவன் கேட்கவில்லை,
முகத்தில் அந்தக் கேள்வி கொஞ்ச நேரம் நின்றது.

ஆனையிறவில் உப்புக் காற்று குறுக்கே அடிக்க
கூரையில் அது ஊளையிடும்.
பஸ் முழுக்கத் தூங்கும்.
பின் சீட்டில் அவள் மட்டும் மேலே பார்த்தபடி,
ஏணையில் பிள்ளை முழித்துவிட்டதோ என்பதுபோல.

அவள் விழுந்து பழகியது
தும்பு அடைத்த மீன்வலைமேல்.
போன வருசம்தான் ஸ்பொஞ்ச் மெத்தை வந்தது.
வந்த மாதமே எலி கடித்தது.

இந்த ஆவணியில் நாட்டுக்குப் பதினேழு பேர் போனார்கள்,
அதில் ஆறு பேர் கோட் போட்டவர்கள்.
தொடக்க விழாவைப் புத்தளத்துத் தேநீர்க் கடையில்
சீனிப் போத்தலில் சாய்த்த ஃபோனில் பார்த்தோம்.
முன்னால் போன நாட்டுக்கு நானூறு பேர்.
பின்னால் வந்த நாட்டுக்கு மேளமே லொறியளவு.
நடுவில் எங்கட ஆட்கள்,
கமரா திரும்ப முதல் முடிந்துபோனார்கள்.
கொடியைப் பார்த்து ட்ரைவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.
ஓரத்தில் ஒரு கை ஆட்டியது.
"அதுதான், அதுதான்" என்று நான் கத்த
பாதி பஸ் வடையை வைத்துவிட்டு எழும்பி வந்தது.

இனித்தான் சொல்ல வேணும்.
ஒன்பது வருசம், பள்ளம் திட்டி,
ஒருமுறை டயர் வெடித்தும்
எங்கட கூரையில் தொலையாத கம்பு
பிளேனில் தொலைந்தது.

போட்டியன்று அவள் கையில் பச்சைக் கம்பு.
யாரோ ஒரு தீவுக்காரி கொடுத்தது.
அந்த நாட்டிலிருந்து வந்ததே மூன்று பேராம்.
தான் பாய்ந்து முடிய ஓடிவந்து நீட்டுவாள்,
இவள் பாய்ந்து முடிய வாங்கிக்கொண்டு ஓடுவாள்.

நெஞ்சில் குத்திய துணியில் பேருக்கு இடம் போதாமல்
"யதுர்" என்று முறித்திருந்தார்கள்.
முதல் தரம் தடி விழுந்தது.
இரண்டாம் தரம் ஓடிவந்து நின்றுவிட்டாள்,
பழக்கமில்லாத மாட்டைப் பிடித்தவள்போல.
மூன்றாம் தரம் மேலே போனாள்.
முழங்கால் பட்டது. தடி ஆடியது,
ஆடியது,
மாங்குளத்தில் சிக்னல் போனது.

திரும்பி வந்தபோது நீச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மீற்றர் நாற்பது என்று வவுனியாவில் தெரிந்தது.
பதினாறு பேரில் பதினைந்து.
பதினாறாவது, அந்தத் தீவுக்காரி.

கம்பு மூன்று கிழமை பிந்தி வந்தது.
கட்டுநாயக்காவில் தமையன் கையெழுத்து வைத்து எடுத்தான்.
உறை கிழிந்து, அதில்
எனக்கு வாசிக்கத் தெரியாத நாலு விதமான எழுத்து.
மூன்று முடிச்சு. அரை டிக்கெட்.
சும்மா ஏற்றினால் அவளுக்குப் பிடிக்காது.

விடிய ஐந்து மணி, கொடிகாமம்.
சேர்ட்டுக்கு மேல் துவாய் போர்த்தி வந்து நின்றாள்.
கயிற்றை அவிழ்த்தபடி கேட்டேன்,
அந்தப் பிள்ளையின்ர ஊர் எது?
சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் விளங்கவில்லை.
திரும்பக் கேட்டேன், திரும்பச் சொன்னாள்.
பின்னால் ஹோர்ன்.
அவள் நுனியைப் பிடித்தாள், அவன் அடியைப் பிடித்தான்.
சந்தைக்குத் தேங்காய் இறக்கியவர்கள் குனிந்தார்கள்.

யாழ்ப்பாணம் வரை அந்தப் பேரை
வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.
நாவற்குழிப் பாலம் தாண்ட
பாதிதான் மிச்சம்.