நானூறு சொற்களுக்குள்

அசுன்சியோனிலிருந்து கடிதம்:
தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி, நான்காம் தொகுதி,
கர்னல் எலாடியோ பரெய்ரோ,
நானூறு சொற்களுக்குள்,
கிறிஸ்துமஸுக்கு முன் அனுப்பவும்.

எழுத என்ன இருக்கிறது?
யாக்கரே துறையைக் காத்தவர்.
பள்ளிக்கூடம், பேருந்து நிலையம்,
வாயில் போட்டால் மாவாகும் ஒரு பிஸ்கட் வரை
அவர் பெயர்தான்.
சதுக்கத்தில் வெண்கலமாய் வாளோங்கி நிற்கிறார்.
வாள்நுனியில் ஓர் ஓர்னேரோ குருவி
களிமண் வீடு கட்டிக் குடும்பம் நடத்துகிறது.

நாற்பது டிகிரி வெயில்.
ஆவணக்காப்பக மின்விசிறி தாளைப் பறக்கவிடும்,
காற்றைத் தராது.
குளிர்ந்த தெரெரே ஒரு மிடறு, ஒரு கட்டு.
இன்னொரு மிடறு, இன்னொரு கட்டு.
அப்படித்தான் அகப்பட்டது அந்த ரசீது.

நாவிதர் கஸ்பார் தொலேதோ எழுதியது:
"கர்னலுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியது, இடப்பக்கம்.
சாராயம் இரண்டு குப்பி. இரவு தங்கல்.
பாக்கி நிற்கிறது."
தேதியைப் படித்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.
துறையில் சண்டை நடந்த அதே நாள்.
நாவிதர் வீட்டிலிருந்து துறைக்கு
மாட்டு வண்டியில் ஒன்றரை நாள்,
குதிரையில் ஒரு முழுப்பகல்.
என்ன விரட்டு விரட்டியும்
என் கணக்கில் அவர் வந்து சேரவில்லை.

ரசீதின் மூலையில் துருப்பிடித்த குண்டூசி,
பக்கத்தில் பென்சிலால் மூன்று சொற்கள்:
"பார்த்துவிட்டேன். இப்போதைக்கு வேண்டாம்."
கையெழுத்து தெரிந்ததுதான்.
வரலாற்றின் தந்தை என்று அஞ்சல்தலையில் இருக்கும்
டாக்டர் புல்ஹென்சியோ மரேக்கோ.
கர்னல் ஆற்றில் இறங்கும் அவருடைய பக்கத்தை
பன்னிரண்டு வயதில் மூச்சுவிடாமல் ஒப்பித்து
ஒரு பேனா பரிசு வாங்கியவள் நான்.

அப்படியானால் துறையைக் காத்தது யார்?
மூன்று வாரம் கழித்து ஒரு சம்பளப் பட்டியல் கிடைத்தது:
துறைக் காவல், சார்ஜெண்ட் ஒருவன், ஆட்கள் பதினேழு.
பீரங்கி இல்லை. திரும்பியவர் நால்வர்.
சார்ஜெண்ட் அந்த நால்வரில் இல்லை.
பெயர் இருந்த இடத்தில் ஓட்டை.
ஓட்டைக்கு இந்தப் பக்கம்
"…சியோ" என்று முடிகிறது.

பத்ரீசியோ? இக்னாசியோ? இனோசென்சியோ?
புல்ஹென்சியோவாகக்கூட இருக்கலாம்,
வரலாற்றுக்குக் குறும்பு அதிகம்.
விளக்கணைத்த பிறகும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.
எந்தப் பெயருக்கும் "ஏன்?" என்று குரல் வரவில்லை.

தலைநகருக்குத் தொலைபேசினேன்.
பதிப்பாசிரியர் மிர்த்தா பொறுமையாகக் கேட்டாள்.
"கர்னலைக் கொஞ்சம் குறைத்துவிடலாம்.
ஆனால் இவனை எங்கே வைப்பது?
அகராதி ஆயிற்றே, முதலெழுத்து வேண்டாமா?"

சிரித்துவிட்டேன்.
ஒவ்வொருவனுக்கும் ஒரு தலையெழுத்து.
இவனுடையதைக் கரையான் தின்றிருக்கிறது.

நேற்று சாயங்காலம் சதுக்கத்தில்
வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன்:
வெண்கல முகத்தில் வலக்கன்னம் ஒட்டியிருக்கிறது,
இடக்கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது.
எத்தனை அணிவகுப்பு, எத்தனை மாலை,
ஒருநாளும் கண்ணில் படவில்லை.
சிற்பியும் பார்த்துவிட்டானா?
குருவி மண் கொண்டுவந்தபடி இருந்தது.

இரவு எழுதி முடித்தேன்.
பல்வலி, நாவிதர், கொடுக்காத பாக்கி உட்பட
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள்.
மிச்சமிருந்த இரண்டில்
சார்ஜெண்ட் …சியோ.

ஓரத்தில், பென்சிலால்,
அச்சகத்துக்கு ஒரு குறிப்பு:
புள்ளிகள் பிழையல்ல.
எடுத்துவிட வேண்டாம்.